பொன்வட்டில் முதல் திருக்கண்கள் வரை – கூரத்தாழ்வான் வைபவம்

ஸ்ரீமதே ராமாநுஜாய நம:

அடியேன் 35 ஆண்டுகள் வங்கியில் பணியாற்றி ஓய்வு பெற்றவன். வணிகவியல் படித்தவனாகையால் சாஸ்த்ரங்களில் முறையான பயிற்சி இல்லை. பெரியோர்களின் காலக்ஷேபங்களைக் கேட்ட அளவே அடியேனுக்கு உள்ள முதல். நான்கு ஆண்டுகளுக்கு முன் அடியேனுடைய தர்மபத்நி ஆசார்யன் திருவடி அடைந்தாள். துக்கம் விசாரிக்க வந்த பாகவதர்கள், சரீரம் அநித்யம் என்றும், ப்ரபந்நன் சோகிக்கலாகாது என்றும் அன்புடன் எடுத்துரைத்தார்கள். அவர்கள் சொன்னது சாஸ்த்ரம், அதில் ஐயமில்லை. ஆயினும் விடியற்காலையில் பழக்கத்தால் இருவருக்கும் காபி கலந்துவிட்டு, மற்றொரு தம்ளரை என்ன செய்வதென்று தெரியாமல் நின்ற நாட்கள் பல. அழுகை வந்தபோதெல்லாம், இத்தனை ஆண்டுகள் கேட்ட அர்த்தங்கள் உள்ளே இறங்கவில்லையோ என்ற வெட்கமும் கூடவே வந்தது.

அந்த மனநிலையில் பூர்வாசார்யர்களின் வைபவங்களை மீண்டும் படிக்கத் தொடங்கியபோது, கூரத்தாழ்வானுடைய சரித்ரம் முன்பு கவனியாத ஒன்றை அடியேனுக்குக் காட்டியது. வாசகர்கள் பலமுறை கேட்ட சரித்ரமே இது. இழப்பு என்ற ஒன்றை மட்டும் கைவிளக்காகக் கொண்டு இதை மீண்டும் ஒருமுறை வலம் வர விழைகிறேன். பிழையிருப்பின் பெரியோர் பொறுத்தருள வேண்டும்.

காஞ்சிக்கு அருகிலுள்ள கூரம் என்னும் க்ராமத்தில், ஸம்ப்ரதாயக் கணக்கின்படி 1010-ஆம் ஆண்டு, ஸௌம்ய வருஷம், தை மாதம் ஹஸ்த நக்ஷத்ரத்தில் ஆழ்வான் அவதரித்தார். திருநாமம் ஸ்ரீவத்ஸாங்கர், அழகிய தமிழில் திருமறுமார்பன். 1017-இல் அவதரித்த எம்பெருமானாருக்கு வயதில் மூத்தவர். ஆயினும் எம்பெருமானார் காஞ்சியில் துறவறம் பூண்டபோது, முதலியாண்டானோடு கூட அவர் திருவடிகளை முதலில் ஆச்ரயித்தவர் இவர். முதலியாண்டானைத் தமக்கு த்ரிதண்டமாகவும் ஆழ்வானைப் பவித்ரமாகவும் எம்பெருமானார் திருவுள்ளம் பற்றியிருந்தார் என்பது ப்ரஸித்தம்.

ஆழ்வானுடைய செல்வமும் கொடையும் அவ்வூரில் ஒப்பற்றவை. பகல் முழுவதும் அவருடைய திருமாளிகையில் ததீயாராதனம் நடைபெறும். இரவில் கடைசி அதிதியும் உண்டு சென்றபின் பெரிய கதவுகள் சாத்தப்படும். ஒருநாள் அந்தக் கதவோசை காஞ்சியில் பெருந்தேவித் தாயார் திருச்செவியில் சாத்துற்றது என்றும், அது என்ன ஓசை என்று திருக்கச்சி நம்பிகளிடம் வினவப்பட்டது என்றும் சொல்வர். வேறொருவராயின் இதைப் பெருமையாகக் கொண்டிருப்பார். ஆழ்வானோ நடுங்கினார். தம் வீட்டுக் கதவின் ஓசை ஸந்நிதி வரை எட்டும் அளவுக்குத் தம் செல்வம் ஆரவாரம் செய்கிறதே என்று கூசினார். அனைத்தையும் விட்டு, திருத்தேவியார் ஆண்டாளுடன் எம்பெருமானார் எழுந்தருளியிருந்த திருவரங்கம் நோக்கி நடந்தார்.

வழியில் ஒரு காடு. இருட்டத் தொடங்கியதும் ஆண்டாள் அஞ்சினாள். மடியில் கனமுள்ளவர்க்கன்றோ வழியில் பயம் என்று ஐயுற்ற ஆழ்வான், ஏதேனும் எடுத்து வந்தாயோ என்று கேட்டார். தாம் அமுது செய்வதற்கென்று ஒரு பொன்வட்டிலை அவள் எடுத்து வந்திருந்தாள். ஆழ்வான் அதை வாங்கிப் புதரில் எறிந்துவிட்டு, இனி அச்சமில்லை என்று சொல்லி நடந்தார். அதன்பின் திருவரங்கத்தில் பிக்ஷை எடுத்தே வாழ்ந்தார்கள். ஒருநாள் மழையினால் பிக்ஷைக்குச் செல்ல இயலாமல் பட்டினி கிடந்த இரவில், பெரிய பெருமாள் தாமே ப்ரஸாதத்தை அவர்கள் இல்லத்துக்கு அனுப்பியருளியதும், அந்த ப்ரஸாத விசேஷத்தால் பராசர பட்டரும் அவர் தம்பியும் அவதரித்ததும் நாம் அறிந்தவை.

இங்கே அடியேனுடைய தொழிலிலிருந்து ஓர் அநுபவத்தைச் சொல்ல அநுமதி வேண்டும். சில ஆண்டுகள் நகைக்கடன் பிரிவில் இருந்தேன். அடகு வைக்கப்பட்ட நகைகள் பையிலிட்டு முத்திரையிடப்பட்டுப் பெட்டக அறையில் வைக்கப்படும். அந்த அறைக்கு இரண்டு சாவிகள், இருவரிடம் ஒவ்வொன்று. இருவரும் சேர்ந்தால்தான் கதவு திறக்கும். கிலோக்கணக்கில் பொன் அடியேனுடைய கையால் உள்ளே சென்றிருக்கிறது. கையால் வெளியே வந்தும் இருக்கிறது. உடையவர் வந்து கடனைக் கட்டித் தம் நகையைப் பெற்றுச் செல்லும்போது அடியேன் ஒருநாளும் வருந்தியதில்லை. பொருள் அவருடையது, காவல் மட்டுமே நம்முடையது. கூரத்துச் செல்வத்தை ஆழ்வான் விட்டு வந்தது இத்தகையது என்று தோன்றுகிறது. அவர் அதைத் துறந்தார் என்பதைவிட, உடையவனிடம் கணக்கை ஒப்படைத்து வெளிவந்தார் என்பதே பொருந்தும்.

இந்த உணர்வு அவருக்குப் பொன்னளவில் நின்றுவிடவில்லை. எம்பெருமானார் ஸ்ரீபாஷ்யம் அருளிச்செய்யும்போது ஆழ்வான் ஏட்டில் எழுதி வந்தார். ஜீவாத்மாவின் ஸ்வரூபத்தைச் சொல்லுமிடத்தில், எம்பெருமானுக்கு அடிமைப்பட்டிருத்தலைச் சொல்லாமல் அறியும் தன்மையை மட்டும் உடையவர் அருளிச்செய்தவுடன், ஆழ்வானின் எழுத்தாணி நின்றது. உடையவர் சீறித் திருவடியால் தள்ளினார். அருகிலிருந்தோர் என்ன செய்யப் போகிறீர் என்று ஆழ்வானைக் கேட்டனர். சொத்தை உடையவன் தன் சொத்தைத் தன் விருப்பப்படி கையாளுகிறான், இதில் சொத்துக்கு முறையீடு ஏது என்ற கருத்தில் அவர் விடையிறுத்தார். பின்னர் உடையவர் தாமே அவர் நின்ற இடத்தின் பொருத்தத்தை உணர்ந்து திருத்தி எழுதுவித்தார். பொன் தம்முடையதன்று என்றிருந்தவர், தாமும் தம்முடையவரல்லர் என்றிருந்தார்.

காச்மீரத்தில் நடந்ததும் இங்கே நினைக்கத்தக்கது. போதாயந வ்ருத்தி க்ரந்தத்தைப் பெறுவதற்காக உடையவர் ஆழ்வானையும் உடன்கொண்டு அவ்வளவு தூரம் யாத்ரை செய்தார். பெற்று வரும் வழியிலேயே அங்குள்ளோர் அதைத் திரும்பப் பறித்துச் சென்றுவிட்டனர். யாத்ரை முழுதும் வீணாயிற்றே என்று உடையவர் வருந்தியபோது, இரவுதோறும் அவர் கண்வளர்ந்தபின் தாம் அந்த க்ரந்தத்தைப் படித்து நெஞ்சில் ஏற்றியிருப்பதை ஆழ்வான் விண்ணப்பம் செய்தார். கையிலிருந்தது போயிற்று, உள்ளே இறங்கியது நின்றது. ஸ்ரீபாஷ்யம் அந்த நினைவின் துணைகொண்டு உருவாயிற்று.

திருவரங்கத்துப் பெரிய கோயிலின் நிர்வாகம் அந்நாளில் பெரிய கோயில் நம்பியிடம் இருந்தது. பின்னாளில் நாம் திருவரங்கத்தமுதனார் என்று கொண்டாடுவது இவரையே. இவரைத் திருத்தும் பொறுப்பை உடையவர் ஆழ்வானுக்கு அளித்தார். நம்பியின் திருத்தாயார் மறைந்து பதினொன்றாம் நாள் கார்யத்தில் ஆழ்வான் அமர்ந்தார். திருப்தியா என்று கேட்கும் தருணத்தில் கோயில் சாவியையும் உரிமைகளையும் கேட்டுப் பெற்று, அப்படியே உடையவர் திருவடிகளில் ஸமர்ப்பித்தார். திருவரங்கம் பெரிய கோயிலின் சாவி ஆழ்வானின் கையில் தங்கிய நேரம் அவ்வளவே. இந்தச் சாவியை வாசகர்கள் நினைவில் கொள்ள வேண்டும்.

பின்பு வந்தது பெரிய இழப்பு. அக்காலத்துச் சோழ மன்னன், சிவனுக்கு மேலான தெய்வம் இல்லை என்று அறிஞர்களிடம் கையொப்பம் பெற்று வந்தான். அவனுடைய அவையிலிருந்த நாலூரான் என்பவன் ஆழ்வானிடமே சிஷ்யனாக இருந்தவன். மற்றவர்கள் இட்ட கையொப்பத்தால் பயனில்லை, ராமாநுஜர் கையொப்பமே வேண்டும் என்று மன்னனுக்கு எடுத்துக்கொடுத்தவன் அவனே. அழைத்துச் செல்ல ஆட்கள் வந்தபோது ஆழ்வான் உடையவருடைய காஷாயத்தைத் தாம் தரித்து, த்ரிதண்டம் ஏந்தி, அவர்போல் புறப்பட்டார். முதியவரான பெரிய நம்பிகளும் தம் திருக்குமாரத்தி அத்துழாயுடன் உடன் சென்றார். ஆழ்வானுடைய வெள்ளை வஸ்த்ரத்தை உடுத்து உடையவர் மேற்கே புறப்பட்டார்.

அவையில் ஆழ்வான் கையொப்பமிட மறுத்தார். கண்களைப் பறிக்க ஆணை பிறந்தது. அத்தகைய மன்னனைக் கண்ட கண்கள் தமக்கு வேண்டா என்று ஆழ்வான் தாமே தம் திருக்கண்களைக் களைந்தார் என்று குருபரம்பரை கூறும். பெரிய நம்பிகளின் கண்களும் பறிக்கப்பட்டன. 105 பிராயமான நம்பிகள் அந்த வேதனையைத் தாங்கமாட்டாமல் வழியிலேயே பரமபதித்தார். ஆழ்வான் திருவரங்கம் மீண்டார். கண்கள் இல்லை; நம்பிகள் இல்லை; உடையவரோ மேல்நாட்டில் திருநாராயணபுரத்தில்.

ஒருநாள் ஆழ்வான் பெரிய பெருமாளை ஸேவிக்கக் கோயில் வாசலுக்குச் சென்றார். ராமாநுஜ ஸம்பந்தம் உள்ளவர்களை உள்ளே விடலாகாது என்பது ஆணை என்று ஒரு காவலன் தடுத்தான். மற்றொருவன் இரங்கி, ஆழ்வான் எல்லார்க்கும் நல்லவர், இவரை விடலாம் என்றான். இதைக் கேட்டு ஆழ்வான் பின்வாங்கினார். நற்குணம் என்பது ஆசார்ய ஸம்பந்தத்திலிருந்து தம்மைப் பிரித்துக் காட்டுமாயின், அந்தக் குணமும் வேண்டா, அதனால் கிடைக்கும் ஸேவையும் வேண்டா என்று திரும்பி நடந்தார். ஒருகாலத்தில் எந்தக் கோயிலின் சாவி தம் கையில் இருந்ததோ, அந்தக் கோயிலின் வாசல் அது. பெருமாளையே இழக்க அவர் இசைந்தார். ஆசார்யனோடுள்ள உறவை விட இசையவில்லை.

அதன்பின் குடும்பத்துடன் திருமாலிருஞ்சோலைக்கு எழுந்தருளினார். அடியேன் பல ஆண்டுகள் தவறாகப் புரிந்துகொண்டிருந்த இடம் இதுதான். செல்வத்தை எறிந்தவர், கண்களையும் பொருட்படுத்தாதவர், ஆகையால் சோகமே அறியாத நெஞ்சுடையவர் என்று எண்ணியிருந்தேன். அவருடைய நெஞ்சு அப்படிப்பட்டதன்று. பாம்பின் வாயில் அகப்பட்ட ஒரு தவளை கூவியதைக் கேட்டு, இது யார் அறியக் கூப்பிடுகிறது என்று மயங்கி விழுந்தவர் அவர் என்று பெரியோர் அருளிச்செய்வர். அந்த நெஞ்சு திருமாலிருஞ்சோலையில் வாளாவிருக்கவில்லை. அழகர் விஷயமாக ஸுந்தரபாஹு ஸ்தவம் அருளிச்செய்தார். 100-க்கும் மேற்பட்ட ச்லோகங்களில் அழகருடைய வடிவழகையும் குணங்களையும் அநுபவித்து, முடிவில் தம் குறையைச் சொல்கிறார். அந்தக் குறை கண்களைப் பற்றியதன்று. திருவரங்கத்தில் முன்போல எம்பெருமானாரோடு கூடி வாழும் வாழ்வை மீண்டும் தந்தருள வேண்டும் என்பதே அவருடைய ப்ரார்த்தனை.

பொருளின் இழப்பு வேறு. உறவின் பிரிவு வேறு. முன்னதற்கு ஆழ்வான் திரும்பியும் பார்க்கவில்லை. பின்னதற்குத் தவித்தார், அந்தத் தவிப்பை மறைக்காமல் பெருமாளிடமே சொன்னார். மீண்டும் வங்கிக்கே வருகிறேன். பெட்டகத்திலிருந்து பொன் வெளியேறியபோது வருந்தாத அடியேன், மற்றொரு சாவியை ஏழாண்டுகள் வைத்திருந்த நண்பர் மாற்றலாகிச் சென்ற நாளில் கண்கலங்கினேன், அவரும் கலங்கினார். இவை இரண்டும் ஒரே மனிதனுக்கு நேர்வதில் முரண் ஏதுமில்லை என்பது ஆழ்வான் சரித்ரத்தைப் படித்தபின்னரே விளங்கிற்று.

உடையவரும் அவ்வாறே இருந்தார். திருநாராயணபுரத்திலிருந்து மாருதிச் சிறியாண்டானை அனுப்பித் திருவரங்கத்துச் செய்திகளை அறிந்து வரச் செய்தபோது, பெரிய நம்பிகள் பரமபதித்ததையும் ஆழ்வான் திருக்கண்களை இழந்ததையும் கேட்டு ஆற்றாமையால் வருந்தினார். உலகுக்குச் சரணாகதியை உபதேசித்தவர் கண்ணீர் விட்டார். அதே காலத்தில் அங்கே திருநாராயணப் பெருமாளுக்குக் கோயில் எழுந்தது. கைங்கர்யங்கள் ஒழுங்கு பெற்றன. வருத்தமும் கைங்கர்யமும் ஒரே திருவுள்ளத்தில் இருந்தன.

மன்னன் மறைந்தான். மேல்நாட்டில் 12 ஆண்டுகள் எழுந்தருளியிருந்த உடையவர் திருவரங்கம் மீண்டார், ஆழ்வானும் திரும்பினார். அழகரிடம் வேண்டியது கிடைத்தது. ஆனால் திருவடிகளில் விழுந்த ஆழ்வானைக் கண்ட உடையவருக்கு அவருடைய கண்கள் பொறுக்கவில்லை. வரம் தரும் பேரருளாளனிடம் கண்களை வேண்டும்படி நியமித்து அவரைக் காஞ்சிக்கு அனுப்பினார். ஆழ்வான் வரதராஜ ஸ்தவம் விண்ணப்பம் செய்தார். பேரருளாளன் உகந்து, வேண்டியதைக் கேள் என்றருளினான். தமக்குக் கிடைக்கும் பேறு நாலூரானுக்கும் கிடைக்க வேண்டும் என்று ஆழ்வான் கேட்டார், பெருமாளும் இசைந்தருளினான்.

இழப்பு மனிதனைக் கெடுப்பதற்கு ஒரு வழி உண்டு. போனதை நினைத்து அழுவதைவிட, யாரால் போயிற்று என்று எண்ணி எண்ணி நெஞ்சு புளித்துப்போவதே அது. மருத்துவரை, உறவினரை, சிலசமயம் தன்னையே குற்றவாளியாக்கி இரவுகளைக் கழிப்பதை அடியேனும் அறிவேன். தன் கண்கள் போவதற்குக் காரணமானவனின் பெயரை ஆழ்வானும் மறக்கவில்லை. மறவாமல் வைத்திருந்து, பெருமாள் முன்னிலையில் அவனுக்காக அந்தப் பெயரைச் சொன்னார். கேட்ட உடையவர், கண்களை வேண்டாமல் வந்ததற்கு முதலில் வருந்தினாலும், இப்படிப்பட்ட ஆழ்வானைப் பெற்றோமே என்று உகந்தார். பின்னர் பெருமாளையும் ஆசார்யனையும் மட்டும் காணும்படியான பார்வை ஆழ்வானுக்கு அருளப்பட்டது என்றும் சொல்வர்.

காலம் கடந்தது. ஒருநாள் ஆழ்வான் பெரிய பெருமாளிடம் தனித்துச் சென்று தமக்குப் பரமபதம் வேண்டினார், பெருமாளும் தந்தருளினார். செய்தி கேட்ட உடையவர், தமக்கு முன்னே போவது தகுமோ என்று தளர்ந்தார். ஆசார்யன் அங்கே எழுந்தருளும்போது எதிர்கொண்டு அழைக்கச் சிஷ்யன் முன்சென்று நிற்க வேண்டும், பின்னால் வரும் சிஷ்யனை ஆசார்யன் எதிர்கொள்வது முறையன்று என்ற கருத்தில் ஆழ்வான் விண்ணப்பம் செய்தார். உடையவர் அவர் திருச்செவியில் த்வயத்தை அருளி, பிரிய மனமின்றி விடைகொடுத்தார். திருமாளிகையில் பிள்ளைப்பிள்ளை ஆழ்வான் மடியில் திருமுடியையும் ஆண்டாள் மடியில் திருவடிகளையும் வைத்து, ஆசார்யன் திருவடிகளை நினைந்தபடியே ஆழ்வான் பரமபதித்தார். காட்டுவழியில் பொன்வட்டிலை எறிந்துவிட்டு இருவராக நடந்த நடை அங்கே ஒருவருக்கு முடிந்தது.

திருக்குமாரர் பட்டர் கதறினார். அவர் அழுவதை யாரும் குறையாகச் சொல்லவில்லை. உடையவர் அவரைத் தேற்றி, செய்ய வேண்டிய சரம கைங்கர்யங்களைச் செய்யும்படி நியமித்தார். பின்பு கோயிலுக்கு அழைத்துச் சென்றார். தந்தையை இழந்தோம் என்று எண்ண வேண்டா, நாமே தந்தை என்று பெரிய பெருமாள் அவரை ஏற்றருளினார். அந்தப் பட்டரே ஸஹஸ்ரநாமத்துக்கு பகவத்குண தர்ப்பணம் என்னும் பாஷ்யம் அருளினார். மேல்நாட்டு வேதாந்தியைத் திருத்தி நஞ்சீயராக்கினார். நஞ்சீயரிடமிருந்து நம்பிள்ளை, நம்பிள்ளையிடமிருந்து திருவாய்மொழியின் ஈடு. இன்று நாம் ஒரு பாசுரத்துக்கு அர்த்தம் கேட்கிறோம் என்றால், தந்தையை இழந்த நாளில் அழுதுகொண்டே எழுந்து அடுத்த கார்யத்தைச் செய்த ஒரு மகனும் அந்த வழியில் இருக்கிறார்.

அடியேனுடைய வெட்கம் இப்போது இல்லை. அழுகை சிலநாள் வருகிறது. வரட்டும் என்று விட்டுவிடுகிறேன். அகத்துப் பெருமாளுக்கு அவள் நாள்தோறும் தொடுத்த திருத்துழாய் மாலையை இப்போது அடியேன் தொடுக்கிறேன். வங்கியில் பைகளுக்கு முத்திரையிட்டுப் பழகிய விரல்களுக்கு நாரில் முடிச்சிடுவது எளிதாக இல்லை. இரண்டு தளிர்கள் நழுவி விழுகின்றன. அவற்றை எடுத்து மீண்டும் தொடுப்பதற்குள் பொழுது நன்கு விடிந்துவிடுகிறது.

ஆழ்வான் திருவடிகளே சரணம்.

அடியேன் ராமாநுஜ தாஸன்